ஆயா படித்த எழுத்து, பேத்தி படித்த சொல்

எங்கள் பக்கத்தில் பாட்டியை ஆயா என்று கூப்பிடுவோம். தெலுங்கு பேசும் வீடுகளில் அவ்வா என்பார்கள். சித்தூருக்குப் பக்கத்தில் எங்கள் ஊர். அந்த ஊரில் என் மாலை வகுப்புக்கு வரும் ஓர் ஆயாவைப் பற்றித்தான் இதில் எழுதுகிறேன். அவருடைய பேத்தியைப் பற்றியும் எழுதுகிறேன். பேத்தி எட்டாம் வகுப்புப் படிக்கிறாள்.

ஆயாவின் மகள் திருப்பதியில் இருக்கிறார். போன ஆண்டு ஆயா மகள் வீட்டுக்குப் போனார். இரண்டு நாள் தங்கினார். மூன்றாம் நாள் மாலை ஊருக்குக் கிளம்பினார். மருமகன் பேருந்து நிலையம் வரை கொண்டுவந்து விட்டார். அவருக்கு வேலைக்கு நேரமாகிவிட்டது. "சித்தூர் வண்டி இங்கேதான் நிற்கும்" என்று சொல்லிவிட்டுப் போனார்.

ஆயா நின்றார். ஒரு வண்டி வந்தது. முன்னால் இருந்த போர்டைப் பார்த்தார். ஏறினார். நல்ல கூட்டம். கண்டக்டர் ஆயாவிடம் வந்து சேர வெகு நேரமாயிற்று. வண்டி வடமாலப்பேட்டையைத் தொட்டபோதுதான் அவர் வந்தார். "எங்கேம்மா?" என்று தெலுங்கில் கேட்டார். "சித்தூர்" என்றார் ஆயா. பக்கத்தில் இருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். அது புத்தூர் போகும் வண்டி.

ஆமாம், அதே புத்தூர்தான். கை கால் முறிந்தால் கட்டுப் போட வேலூரிலிருந்தும் சென்னையிலிருந்தும் தேடி வருவார்களே, அந்தப் புத்தூர்.

இருட்டும் நேரம். கையில் ஒரு பை. ஆயா வழியில் இறங்கினார். ஒரு மணி நேரம் காத்திருந்து திருப்பதிக்கே திரும்பினார். வீடு வந்து சேர இரவு பதினொரு மணி ஆயிற்று.

மறுநாள் வகுப்பில் ஆயா யாரிடமும் பேசவில்லை. நான் கேட்டேன். "என்னத்தச் சொல்லுவேன் டீச்சரம்மா. எழுபது வயசுல உங்கிட்ட எழுத்துப் படிச்சேன். போர்டு படிக்கலாம்னு பாத்தா, அது தெலுங்குல இருக்குது" என்றார்.

ஆயா சொன்னது சரி. நான் சொல்லிக் கொடுத்தது தமிழ். அந்த போர்டில் இருந்தது தெலுங்கு.

ஒரு வீடு, இரண்டு எழுத்து

இது ஆயாவின் வீட்டுக்கு மட்டும் உள்ள கஷ்டம் இல்லை. சித்தூர், நகரி, புத்தூர், சத்தியவேடு, குப்பம், திருப்பதி என்று இந்தப் பக்கம் முழுவதும் தமிழ் பேசும் வீடுகள் இருக்கின்றன. இது ஏன் என்று பிள்ளைகள் கேட்பார்கள். தெரிந்துகொள்ளுங்கள்.

1911-இல் சித்தூர் மாவட்டம் உண்டானது. அப்போது இது சென்னை மாகாணத்தில் இருந்தது. வட ஆற்காட்டின் ஒரு பகுதியும் இதில் சேர்ந்திருந்தது. 1953-ஆம் ஆண்டு அக்டோபர் 1-ஆம் தேதி ஆந்திர மாநிலம் தனியாகப் பிரிந்தது. சித்தூர் மாவட்டம் ஆந்திராவுக்குப் போனது. திருப்பதி யாருக்கு, திருத்தணி யாருக்கு என்று பெரிய போராட்டம் நடந்தது. ம.பொ.சிவஞானம் இந்தப் போராட்டத்தில் முன்னால் நின்றவர். 1960-இல் திருத்தணி தமிழ்நாட்டோடு சேர்ந்தது. திருப்பதியும் சித்தூரும் ஆந்திராவிலேயே இருந்துவிட்டன. பிறகு 2022-இல் மாவட்டத்தைப் பிரித்தார்கள். திருப்பதி தனி மாவட்டம் ஆனது.

எல்லை மாறியது. வீட்டில் பேச்சு மாறவில்லை. ஆனால் பள்ளிக்கூடப் பாடம் மாறியது. தமிழ் பேசும் வீட்டுப் பிள்ளைகள் பலர் இன்று தெலுங்கிலோ ஆங்கிலத்திலோ படிக்கிறார்கள். எங்கள் ஆயா 1953-இல் பிறந்தவர். பள்ளிக்கூடம் போனதே இல்லை. இப்போது அவருக்குத் தமிழ் எழுத்து கொஞ்சம் தெரியும். தெலுங்கு எழுத்து தெரியாது. பேத்திக்குத் தெலுங்கும் ஆங்கிலமும் எழுதப் படிக்கத் தெரியும். தமிழ் பேசுவாள். ஆனால் தமிழில் தன் பெயரைக்கூட எழுதத் தெரியாது. கல்யாணப் பத்திரிகை தமிழில் வந்தால் ஆயாதான் எழுத்துக் கூட்டிப் படிக்க வேண்டும். கரண்டு பில் வந்தால் பேத்தி படிக்க வேண்டும்.

இன்னொரு விஷயமும் சொல்ல வேண்டும். 1988-இல் தேசிய எழுத்தறிவு இயக்கத்தை அரசு தொடங்கியது. 1990-களில் எங்கள் மாவட்டத்திலும் ஊர் ஊராக வகுப்பு நடந்தது. அப்போது 15 முதல் 35 வயது வரை உள்ளவர்களையே முக்கியமாகச் சேர்த்தார்கள். ஆயாவுக்கு அப்போது 35 தாண்டிவிட்டது. "உனக்கு வயசாயிடுச்சுன்னு சொல்லிட்டாங்க" என்று இன்றும் சொல்கிறார். அன்று விட்டுப்போனவர்கள்தான் இன்று நம் வீடுகளில் தாத்தாவாகவும் ஆயாவாகவும் திண்ணையில் உட்கார்ந்திருக்கிறார்கள். 2022-இல் 'உல்லாஸ்' திட்டம் வந்தது. அதில் 15 வயதுக்கு மேல் எத்தனை வயதானவரும் சேரலாம்.

பேத்தி டீச்சர் ஆனாள்

நான் பேத்தியைக் கூப்பிட்டேன். "உன் ஆயாவுக்கு நீ தெலுங்கு சொல்லிக் கொடு" என்றேன். அவளுக்கு ஒரே சந்தோஷம். அன்று இரவே தொடங்கினாள்.

நான்கு நாள்தான் நடந்தது. ஐந்தாம் நாள் ஆயா சிலேட்டைக் கொண்டுபோய்ப் பரணில் வைத்துவிட்டார். என்ன நடந்தது என்று விசாரித்தேன். பேத்தி தன் பள்ளிக்கூடத்தில் படித்தது போலவே அ, ஆ, இ, ஈ என்று வரிசையாக ஆரம்பித்திருக்கிறாள். ஒரு எழுத்தை ஐம்பது முறை எழுதச் சொல்லியிருக்கிறாள். ஆயா தப்பு விட்டபோது, "இதுகூடத் தெரியலயா ஆயா?" என்று சிரித்திருக்கிறாள். பக்கத்து வீட்டுப் பெண் அதைப் பார்த்துவிட்டாள்.

பெரியவர்கள் படிப்பதற்குத் தடையாக இருப்பது மூளை இல்லை. கூச்சம்தான். இதை நான் பல வீடுகளில் பார்த்திருக்கிறேன். அறுபது வயது வரை வீட்டில் எல்லோருக்கும் சொல்லிக் கொடுத்தவர், பதின்மூன்று வயதுப் பெண்ணிடம் திட்டு வாங்கினால் உட்காருவாரா? நாமாக இருந்தால் உட்காருவோமா?

எனக்கும் இதில் தப்பு உண்டு. எப்படிச் சொல்லிக் கொடுப்பது என்று பேத்திக்கு நான் சொல்லவில்லை. பிறகு இரண்டு பேரையும் சேர்த்து உட்கார வைத்தேன். "ஆயா, உங்களுக்கு முதலில் என்ன படிக்க வேண்டும்?" என்று கேட்டேன். ஆயா யோசிக்கவே இல்லை. "பஸ் போர்டு" என்றார்.

அதிலிருந்தே தொடங்கினோம். பேத்தி மூன்று ஊர்ப் பெயரைப் பெரிய எழுத்தில் தெலுங்கில் எழுதினாள். திருப்பதி, சித்தூர், புத்தூர். ஆயா வெகு நேரம் பார்த்தார். பிறகு ஆயாவே கண்டுபிடித்தார். திருப்பதிக்குத் தெலுங்கில் நான்கு எழுத்து. தி, ரு, ப, தி. முதல் எழுத்தும் கடைசி எழுத்தும் ஒன்றே. "தலையும் வாலும் ஒண்ணா இருந்தா திருப்பதி" என்றார் ஆயா. பேத்தி வாயைப் பிளந்தாள். அவள் இதுவரை அப்படிப் பார்த்ததே இல்லை.

சித்தூரும் புத்தூரும் எப்படிக் குழம்பின என்பதும் அன்றுதான் தெரிந்தது. தமிழில் சித்தூர் என்று எழுதினால் த் என்ற எழுத்துக்கு மேலே புள்ளி வைப்போம். தெலுங்கில் அப்படி இல்லை. எழுத்துக்குக் கீழே ஒரு குட்டி எழுத்து தொங்கும். ஆயா அந்தத் தொங்கலை மட்டும் அடையாளம் வைத்திருந்தார். புத்தூரிலும் அதே தொங்கல் இருக்கிறது. இரண்டு பெயருக்கும் முதல் எழுத்து மட்டும்தான் வேறு. 'சி' என்றால் வீடு. 'பு' என்றால் வேறு ஊர். அந்த ஒரு எழுத்துத்தான் ஆயாவை வடமாலப்பேட்டை வரை கொண்டுபோயிருக்கிறது.

அடுத்து ஆயா தன் பெயரைப் படித்தார். பிறகு பேத்தியின் பெயர். பிறகு ரேஷன் கார்டில் உள்ள பெயர்கள். எழுத்து வரிசையைப் பற்றி நாங்கள் கவலைப்படவில்லை. தேவையான பெயரில் எந்த எழுத்து வருகிறதோ அதுதான் அன்றைய பாடம்.

ஒரு எழுத்துக்கு ஒரு சொல்

ஆனால் ஆயா ஒரு நிபந்தனை போட்டார். "நீ எனக்கு ஒரு எழுத்து சொன்னா, நான் உனக்கு ஒரு சொல்லு சொல்லுவேன். சும்மா வாங்கிக்க மாட்டேன்" என்றார். வாங்குவதற்குப் பதிலாக எதையாவது கொடுத்தால்தான் அவருக்கு மனம் நிறையும். அன்றிலிருந்து கூச்சம் போய்விட்டது.

ஒரு நாள் பேத்தி தெலுங்கில் 'இல்லு' என்று எழுதினாள். வீடு என்று பொருள். "இது நம்ம சொல்லுதான்டி" என்றார் ஆயா. "கல்யாணப் பத்திரிகையில இல்லத் திருமணம்னு போடுறாங்களே. அந்த இல்லம்தான் இது" என்றார். பசுவுக்குத் தெலுங்கில் 'ஆவு'. தமிழிலும் பசுவுக்கு 'ஆ' என்று பழைய பெயர் உண்டு. நாம் வெல்லம் என்கிறோம். தெலுங்கில் 'பெல்லம்'. நாம் வெண்டைக்காய் என்கிறோம். தெலுங்கில் 'பெண்டகாய்'. "ஆயா, நம்ம வ அவங்களுக்கு ப ஆகுது!" என்று பேத்தி கத்தினாள். எல்லாச் சொல்லிலும் அப்படி வராது. ஆனாலும் அவள் கண்டுபிடித்தது பெரிய விஷயம். இது இலக்கணம் படித்தவர்கள் செய்கிற வேலை.

எழுத்திலும் ஒரு வேறுபாடு உண்டு. தமிழில் 'பல்' என்று எழுதினாலும் 'பஸ்' என்று எழுதினாலும் ஒரே ப தான். வாயில் சத்தம் மட்டும் வேறு. தெலுங்கில் இந்தச் சத்தங்களுக்குத் தனித் தனி எழுத்து. ப வரிசையில் மட்டும் நான்கு எழுத்து உண்டு. ஆயாவுக்கு இது பிடிக்கவில்லை. "ஒண்ணுக்கு எதுக்குடி நாலு?" என்று கேட்டார். அதே போலப் பேத்திக்கு ழ பிடிக்கவில்லை. இன்றைய தெலுங்கில் ழ கிடையாது. வாழைப்பழத்தை 'வாளப்பளம்' என்றுதான் சொல்கிறாள்.

இருவருக்கும் ஒரு நோட்டு வாங்கினோம். முன் பக்கத்திலிருந்து ஆயா தெலுங்கு எழுதுகிறார். நோட்டைத் திருப்பிப் பின் பக்கத்திலிருந்து பேத்தி தமிழ் எழுதுகிறாள். ஆயா சொல்லும் சொற்கள், விடுகதைகள், உறவுமுறைகள் எல்லாம் அதில் இருக்கின்றன. எந்தப் பொரியலுக்கு எந்தக் கீரை என்பதும் இருக்கிறது.

பேத்தியின் அம்மாவை மறந்துவிடக் கூடாது. அவர் மாம்பழக் கூழ் தொழிற்சாலையில் வேலை செய்கிறார். மாங்காய்க் காலத்தில் இரவில்தான் வீடு திரும்புவார். முதலில் அவருக்குக் கொஞ்சம் கோபம். "கெழவிக்கும் கொழந்தைக்கும் கொஞ்சல். சமைக்கிறது நான் ஒருத்தி" என்றார். அவர் சொன்னதில் நியாயம் இருக்கிறது. இப்போது ஆயா கீரை ஆய்ந்துகொண்டேதான் பாடம் படிக்கிறார்.

கொப்பரைக்குப் பக்கத்தில் ஒரு பாடம்

இந்த வீட்டுத் தாத்தாவும் படிப்பில் இறங்கினார். ஆனால் அவருக்குப் பாடம் நடந்தது கரும்பு ஆலையில். சித்தூர் வெல்லம் பேர் போனது. தாத்தா சிறு வயதிலிருந்து கொப்பரை அடுப்பில் வேலை பார்த்தவர்.

வெல்லம் காய்ச்சுவது சுலபம் என்று நினைக்காதீர்கள். நூறு கிலோ கரும்பிலிருந்து சுமார் பத்துக் கிலோ வெல்லம்தான் வரும். பதம் தவறினால் அந்தப் பத்துக் கிலோவும் வீண். சாற்றைக் கொப்பரையில் ஊற்றிக் காய்ச்சுவார்கள். காய்ந்த கரும்புச் சக்கைதான் விறகு. சாறு சூடாகும்போது கொஞ்சம் சுண்ணாம்புத் தண்ணீர் விடுவார்கள். அழுக்கு நுரையாக மேலே வரும். அதை அள்ளி எடுப்பார்கள். சிலர் வெண்டைச் செடியின் தண்டை நசுக்கித் தண்ணீரில் ஊற வைத்து, அந்தக் கொழகொழப்பான நீரை விடுவார்கள். அதுவும் அழுக்கைச் சேர்த்து மேலே கொண்டுவரும். பிறகு பாகு இறுகும். தாத்தா ஒரு சொட்டுப் பாகைக் குளிர்ந்த நீரில் விட்டு விரலால் உருட்டிப் பார்ப்பார். உருண்டு நின்றால் பதம் வந்துவிட்டது. உடனே இறக்க வேண்டும். கொஞ்சம் பிந்தினால் தீய்ந்துவிடும். முந்தினால் வெல்லம் இறுகாது, கசியும்.

இந்த வீட்டுப் பேரன் ஏழாம் வகுப்பு. அவன் தாத்தாவிடம் கேட்டான். "சுண்ணாம்பு எதுக்குத் தாத்தா?" தாத்தா சொன்னார். "எங்கப்பா போட்டாரு. நானும் போடறேன்."

பேரன் பள்ளிக்கூடத்தில் அமிலம், காரம் பாடம் படித்திருந்தான். ஆசிரியரிடம் கேட்டு நீல லிட்மஸ் தாள் இரண்டு வாங்கி வந்தான். ஒன்றைக் கரும்புச் சாற்றில் நனைத்தான். தாள் லேசாகச் சிவந்தது. அப்படியென்றால் சாற்றில் கொஞ்சம் புளிப்பு, அதாவது அமிலம் இருக்கிறது. சுண்ணாம்பு அதற்கு நேர் எதிர். அது காரம். அமிலத்தைக் காரம் அடக்குகிறது. அமிலம் அடங்காவிட்டால் காய்ச்சும்போது சர்க்கரை உடைந்து போகும். வெல்லம் சரியாகக் கட்டாது. சுண்ணாம்பு சேரும்போது சாற்றில் உள்ள அழுக்கும் திரண்டு மேலே வருகிறது.

தாத்தா அந்தத் தாளை வாங்கிப் பார்த்தார். திருப்பித் திருப்பிப் பார்த்தார். "அப்போ சுண்ணாம்பு அதிகமாப் போட்டா வெல்லம் கறுத்துப் போவுதே, அதுக்கும் இதுதான் காரணமா?" என்று கேட்டார். ஆமாம், காரம் மிஞ்சினால் நிறம் கறுக்கும். ஐம்பது ஆண்டு அவர் கையில் இருந்த விஷயத்துக்கு அன்றுதான் காரணம் கிடைத்தது.

ஆனால் பேரனை அன்று கொப்பரையை இறக்கச் சொல்லியிருந்தால் முழுப் பாகையும் கெடுத்திருப்பான். எப்போது இறக்குவது என்று எந்தப் புத்தகமும் அவன் விரலுக்குச் சொல்லித் தராது. அது தாத்தாவின் விரலில் இருக்கிறது. தாத்தா இருக்கும்போதே அதை வாங்கிக்கொள்ள வேண்டும்.

இன்னொன்றும் அங்கே பேசினார்கள். மஞ்சள் நிறமாகப் பளபளக்கும் வெல்லத்துக்கு விலை அதிகம். அதற்காகச் சிலர் ஹைட்ரோஸ் என்ற ரசாயனத் தூளை அளவுக்கு மேல் போடுகிறார்கள். அது உடம்புக்குக் கெடுதல். தாத்தாவுக்கு வாசனை பார்த்தே தெரிகிறது. பேரனுக்கு மூட்டையில் உள்ள எழுத்தைப் படிக்கத் தெரிகிறது. இரண்டும் வேண்டியதுதான்.

காளஹஸ்தியில் ஒரு தொழில்

குடும்பத்தில் கற்றுக் கொடுப்பது நின்றால் என்ன ஆகும்? பக்கத்தில் உள்ள காளஹஸ்தியைப் பாருங்கள். அங்கே கலம்காரி என்று துணியில் படம் வரைகிறார்கள். கலம் என்றால் பேனா. மூங்கில் குச்சியின் நுனியைச் சீவி, அதன் மேல் கம்பளியோ துணியோ சுற்றி நூலால் கட்டுவார்கள். அதுதான் பேனா. கடுக்காய்ச் சாற்றிலும் எருமைப் பாலிலும் துணியை நனைத்துக் காய வைப்பார்கள். பாலில் உள்ள கொழுப்பு மை பரவாமல் தடுக்கும். கறுப்பு மைக்குத் துருப்பிடித்த இரும்பையும் வெல்லத்தையும் தண்ணீரில் பல நாள் ஊறப் போடுவார்கள். அந்த நீர் கடுக்காய் ஏறிய துணியில் பட்டதும் கறுப்பாகும்.

இந்த வேலையைச் செய்யும் குடும்பங்கள் ஒரு காலத்தில் மிகக் குறைந்து போயின. தொழிலே அழிந்துவிடும் என்ற நிலை வந்தது. 1950-களில் கமலாதேவி சட்டோபாத்யாய் என்ற அம்மையார் முயற்சி எடுத்தார். காளஹஸ்தியில் பயிற்சி நிலையம் வந்தது. தெரிந்த சில பெரியவர்கள் இருந்ததால்தான் அது முடிந்தது. ஜொன்னலகட்டா குரப்ப செட்டி என்ற கலைஞர் தன் தந்தையிடம் இதைக் கற்றார். தன் மகனுக்கும் கற்றுக் கொடுத்தார். 2008-இல் அவருக்குப் பத்மஸ்ரீ விருது கிடைத்தது. நடுவில் ஒரு தலைமுறை விட்டுப் போயிருந்தால் அந்தக் கறுப்பு மையின் பக்குவத்தை யாரிடம் போய்க் கேட்பது?

மாமியாருக்கு மருமகள் டீச்சர்

இளையவர்கள் பெரியவர்களுக்குச் சொல்லிக் கொடுப்பதும் நம் நாட்டில் பல இடங்களில் நடக்கிறது. மகாராஷ்டிராவில் தானே மாவட்டத்தில் பாங்கணே என்று ஒரு சின்ன ஊர். அங்கே 2016-ஆம் ஆண்டு மார்ச் 8-ஆம் தேதி, மகளிர் தினத்தன்று, பாட்டிகளுக்கென்றே ஒரு பள்ளிக்கூடம் தொடங்கினார்கள். யோகேந்திர பாங்கர் என்ற ஆசிரியர் தொடங்கியது. அறுபது வயதுக்கு மேற்பட்ட பாட்டிகள் இளஞ்சிவப்புச் சேலை கட்டிக்கொண்டு, பையில் சிலேட்டு வைத்துக்கொண்டு வருவார்கள். பாடம் சொன்னவர் அந்த ஊர் மருமகள் ஒருவர். அவருடைய மாமியாரும் அங்கே மாணவி. வீட்டுப் பாடத்துக்குப் பேரப்பிள்ளைகள் உதவினார்கள்.

கேரளத்தில் ஆலப்புழை மாவட்டத்தில் கார்த்தியாயினி அம்மா என்று ஒருவர் இருந்தார். 2018-இல் அவருக்கு வயது 96. அந்த வயதில் எழுத்தறிவுத் தேர்வு எழுதி நூற்றுக்கு 98 மதிப்பெண் வாங்கினார். மாநிலத்திலேயே முதல். அவருக்கு ஆசை எப்படி வந்தது தெரியுமா? அவருடைய மகள் வயதான பிறகு பத்தாம் வகுப்புக்குச் சமமான தேர்வு எழுதித் தேறினார். அதைப் பார்த்து அம்மாவுக்கும் ஆசை வந்தது. கொள்ளுப் பேரப்பிள்ளைகள் பக்கத்தில் உட்கார்ந்து சொல்லிக் கொடுத்தார்கள். 2020-இல் குடியரசுத் தலைவர் அவருக்கு நாரி சக்தி விருது கொடுத்தார். 2023-இல் தம் 101-ஆம் வயதில் காலமானார்.

இந்தச் செய்தியை எங்கள் ஆயாவுக்குப் படித்துக் காட்டினேன். "எனக்கு இன்னும் இருபத்தஞ்சு வருஷம் இருக்குது, போ" என்றார்.

யார் சொன்னது சரி?

வீட்டில் சண்டையும் வரும். இந்த வீட்டில் பேத்தியின் சின்னத் தம்பிக்கு மூன்று வயது. ஒரு நாள் அவனுக்கு வயிற்றுப்போக்கு. "தண்ணி கொடுக்காதீங்க, இன்னும் போகும்" என்றார் ஆயா. பேத்தி ஒப்புக்கொள்ளவில்லை. பள்ளியில் படித்ததைச் சொன்னாள். இந்த விஷயத்தில் பேத்தி சொன்னதுதான் சரி. வயிற்றுப்போக்கில் உடம்பில் உள்ள நீரும் உப்பும் போய்விடும். தண்ணீரை நிறுத்தினால் குழந்தையின் உயிருக்கே ஆபத்து.

சுகாதார நிலையத்தில் கிடைக்கும் உப்புச் சர்க்கரைப் பாக்கெட் நல்லது. அது இல்லாதபோது, கொதித்து ஆறிய ஒரு லிட்டர் தண்ணீரில் ஆறு சிறிய தேக்கரண்டி சர்க்கரையும் அரைத் தேக்கரண்டி உப்பும் கலக்க வேண்டும். கரண்டியைத் தலை தட்டி அளக்க வேண்டும். கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுக்க வேண்டும். தாய்ப்பால் குடிக்கும் குழந்தைக்கு அதையும் நிறுத்தக் கூடாது. குழந்தை சோர்ந்தாலோ, கண் குழிந்தாலோ, ரத்தம் போனாலோ உடனே ஆஸ்பத்திரி.

ஆயா கொஞ்ச நேரம் முகத்தைத் தூக்கி வைத்திருந்தார். பிறகு எழுந்து போய் உப்புப் போட்ட அரிசிக் கஞ்சி காய்ச்சிக் கொண்டுவந்தார். அது நல்ல மருந்து. அதை டாக்டர்களும் ஒப்புக்கொள்கிறார்கள்.

இன்னொரு நாள் ஆயா சொன்னது சரியாயிற்று. வீட்டுப் போனில் ஒருவன் பேசினான். பேங்கிலிருந்து பேசுவதாகச் சொன்னான். "கணக்கு நின்றுவிடும், இப்போது வந்த நம்பரைச் சொல்" என்றான். பேத்தி நம்பரைப் படிக்கத் தொடங்கிவிட்டாள். ஆயா போனைப் பிடுங்கினார். "நம்ம பணத்தப் பத்தி நம்மளவிட அவனுக்கு என்ன அக்கறை?" என்றார். அந்த நம்பரை யாருக்கும் சொல்லக் கூடாது. உண்மையான பேங்குக்காரர் அதைக் கேட்க மாட்டார். ஏமாந்துவிட்டால் உடனே 1930 என்ற எண்ணுக்குப் போன் செய்து புகார் சொல்ல வேண்டும். பேத்திக்குப் போனை இயக்கத் தெரியும். ஆனால் ஆட்களை எடைபோட ஆயாவுக்குத்தான் தெரியும்.

போன மாதம் ஆயா மறுபடியும் திருப்பதிக்குப் போனார். திரும்பி வரும்போது பேருந்து நிலையத்தில் அதே இடத்தில் நின்றார். வண்டி வந்தது. போர்டில் முதல் எழுத்தைப் பார்த்தார். 'பு' இருந்தது. ஏறவில்லை. அடுத்த வண்டியில் 'சி'. அதில் ஏறினார். சந்தேகம் தீராமல் கண்டக்டரையும் ஒரு முறை கேட்டுக்கொண்டாராம்.

நோட்டில் ஆயாவின் பக்கமும் பேத்தியின் பக்கமும் நடுவில் வந்து முட்டிவிட்டன. புது நோட்டு வாங்க வேண்டும். பேத்திக்கு இன்னும் ழ வரவில்லை. தினமும் பத்து முறை வாழைப்பழம் சொல்ல வேண்டும் என்பது ஆயாவின் கட்டளை.